எங்கள் பஸ் ஸ்டாப் லோஃபர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பகரத்தூரில் ‘லோஃபர்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்டவில்லை. கையில் பையோ குடையோ இல்லாமல் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்கிற ஆண்பிள்ளை லோஃபர். பை இருந்துவிட்டால் ஏதோ ஜோலியாக வந்தவன். என் அப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் அதிகம் புழங்கியது இதைத்தான். பெண்களை அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்களை எங்கே நிற்க விட்டார்கள், சொல்வதற்கு?

எங்கள் பஸ் ஸ்டாப்பில் மூன்று லோஃபர்கள் இருந்தார்கள். ஒருவன் பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒருவன் துபாய் விசாவுக்குக் காத்திருந்தான். மூன்றாமவன் சும்மா நின்றான். நான் காரைக்காலுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் தங்களுக்குள் ஏதாவது கிண்டல் பேசுவார்கள், காதில் விழும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். யாரோ ஒரு புண்ணியவான் அதை அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார்.

“லோஃபர் பயலுவொ நிக்கிற எடத்துல ஒனக்கு என்ன சிரிப்பு? படிச்சது போதும், நிறுத்திக்க,” என்றார் அப்பா.

டைப்ரைட்டிங்கில் முதல் படியான லோயர் பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருந்தது. பாஸ் செய்தால் ஏதாவது ஓர் ஆபீசில் நுழைந்துவிடலாம். இல்லையென்றால் தை மாதம் கல்யாணம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பஸ்ஸு அங்கதானே நிக்கிது? நான் என்ன வயக்காட்டுலயா போயி ஏறுறது?” என்று கத்தினேன். அம்மா நடுவில் புகுந்து ராசிக்கு ஒரு நிபந்தனை பேசினாள். அப்பா தினமும் வந்து கண்ணால் பார்ப்பார். நான் ஒருமுறை சிரித்தாலும் பரீட்சை கிடையாது.

அப்பா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் வெறுங்கையோடு நின்றார். மூன்றாம் நாள், திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் போனாள்.

“யாருங்க நீங்க? மூணு நாளா பாக்குறேன், பொட்டப்புள்ளைவொ நிக்கிற பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. நரச்ச தலைக்கு இது நல்லாவா இருக்கு?”

பி.காம்.தான் ஓடிப்போய், “அந்தப் பொண்ணோட அப்பாங்க அவரு, ஒண்ணும் சொல்லாதீங்க,” என்று காப்பாற்றினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகப் பையைப் பார்த்தேன். அந்த நிமிடம் சிரிக்காமல் இருந்ததைப் போல் கஷ்டமான காரியத்தை வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

பரீட்சை சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் பஸ்ஸெல்லாம் திருநள்ளாற்றுக்குப் போகும் கூட்டத்தோடு பிதுங்கி வரும். எங்கள் ஸ்டாப்பில் நிற்காது. அப்பா கையைக் காட்டக் காட்ட முதல் பஸ் போய்விட்டது. அடுத்ததையும் விட்டால் பரீட்சை போச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தூரத்தில் இரண்டாவது பஸ் தெரிந்ததும் மூன்று லோஃபர்களும் நடு ரோட்டுக்குப் போய்க் கையை விரித்து நின்றார்கள். ரோடு அகலம், மூன்று பேர் போதவில்லை. ஓரமாக ஒதுங்கி ஓட்டிக்கொண்டு போய்விட இடம் இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாலாவது ஆளாக அந்த இடத்தில் நின்றார்.

பஸ் நின்றது. டிரைவர் நால்வரையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். “பரிச்சைக்குப் போற புள்ளண்ணே, ஏத்திக்கிங்க,” என்று துபாய்க்காரன் கெஞ்ச, யார் யாரோ கைகொடுத்து என்னைப் படிக்கட்டில் ஏற்றினார்கள்.

லோஃபர்கள் தயவில் பஸ் ஏறியதற்கு அப்பா திட்டுவார் என்று, சாயங்காலம் திரும்பி வரும்போது வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை தயார் செய்துகொண்டே வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பரீட்சை எப்படி என்று அவர் கேட்கவில்லை.

“இதுக்கு அடுத்தது ஹையராமே. அந்தப் பயலுவொ சொன்னானுவொ. அதுக்கு எப்பம்மா பணம் கட்டணும்?” என்றார்.