விபூதியை யார் துடைப்பார்கள்?

எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது சைலன்சர் மேல்தான். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் நிற்கும் ஸ்கூட்டர்களில் நான் விரல் விட்டுப் பார்க்காத குழாய் கிடையாது. அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "பொம்பளப் பிள்ள ஊரான் வண்டிக்குப் பின்னாடி குத்தவச்சு உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?" நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, என் வண்டியையும் கொஞ்சம் பாருங்க" என்றுதான் கேட்டார்கள்.

குழாயில் கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில் எரிகிறது. சின்ன விமானத்தின் பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பதால், நன்றாக ஓடும் எஞ்சின் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு பொடியை விட்டுவைக்கும். அது குழாய்க்குள் இருக்கும் வரை நல்லது. வெளியே வந்தால்தான் வம்பு.

இந்த வேடிக்கைப் புத்தியே பிழைப்பாகி, விமானம் பழுது பார்க்கும் இன்ஜினியர் ஆனேன். போன வருடம் திருமங்கலம் தாண்டி, பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தேன். இரண்டு விமானங்கள். ஒன்று உதிரிப் பாகம் வராமல் மூலையில் நின்றது. எல்லோரும் மற்றொன்றில்தான் பறந்தார்கள்.

அங்கே படித்தவர்களில் மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் அப்பா இளம் வயதில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர், இப்போது சொந்தமாக நெல் போடுகிறார். அவள் ஒவ்வொரு முறையும் தரையிறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொடுக்கும் கேப்டன் கெட்டவர் இல்லை. ஆனாலும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "பயம்தாம்மா இது. சில பேருக்கு ஒத்துக்காது. திங்கக்கிழமை அப்பாவ வரச் சொல்லு, ஊருக்குக் கூட்டிட்டுப் போகட்டும்."

அன்று வெள்ளிக்கிழமை. நான் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த எஞ்சினை இன்னும் திறந்து பார்த்ததில்லை. விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் எப்போது வலி ஆரம்பிக்கிறது என்று கேட்டேன்.

"மேல போறப்ப சந்தோசமாத்தான்க்கா இருக்கு. போகப் போகத்தான் தலை கனக்குது."

இது எனக்கு இடித்தது. பயம் என்றால் ஏறும்போதல்லவா வர வேண்டும்? நன்றாகச் சிரித்துக்கொண்டு போய், நேரம் கழித்து வருகிற பயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்துபோய் எஞ்சின் மூடியைக் கழற்றினேன்.

அடியில் சைலன்சர். அதைச் சுற்றி ஒரு தகரச் சட்டை உண்டு. குளிர் ஊர்களில் அதற்குள் சூடாகும் காற்றை விமானிகள் ஒரு குமிழை இழுத்துத் தங்கள் பக்கம் திருப்பிக் குளிர்காய்வார்கள். மதுரையில் அந்தக் குமிழை இழுக்க யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? தேவைப்படாத சட்டையை யாரும் கழற்றிப் பார்க்கவும் இல்லை. அதன் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

"அது விபூதி மேடம்" என்றார் உதவியாளர் அண்ணன். வெள்ளிதோறும் எஞ்சினுக்குப் பட்டை போட்டு, சூடம் காட்டாமல் வெறும் பத்தியோடு பூஜையை முடிப்பவர் அவர்தான்.

"சைலன்சருக்குமா பூசுனீங்கண்ணே?"

"நான் எதுக்குப் பூசப் போறேன்? மேலதான் போடுவேன். உதிர்ந்திருக்கும். துடைச்சுராதீங்க, பாவம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு முன் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்! விபூதியை யார் துடைப்பார்கள்?

நான் துடைத்தேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே இருந்த பட்டை ஈரத்துணி பட்டதும் போய்விட்டது. கீழே இருந்த கோடு போகவில்லை. சூட்டில் தகரத்தோடு ஒட்டியிருந்தது. சுரண்டித்தான் எடுத்தேன். இந்த வாரம் பட்டை வேண்டாம் என்று அண்ணனிடம் கெஞ்சிவிட்டு, பறக்க விடாமல் தரையிலேயே எஞ்சினை ஓட்டினேன். மறுபடி திறந்தபோது, அதே விளிம்பில் மெல்லிசாக வெள்ளை.

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே வந்து பூசிட்டுப் போயிருச்சு மேடம்!"

"சாமின்னா பட்டையாவுல போட்டிருக்கும்" என்றேன்.

தகரச் சட்டையைக் கழற்றினோம். புகை வெளியேறும் வால் குழாயில் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, சைலன்சர் முழுக்கப் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினேன். அந்தப் பெண்தான் சோப்புத் தண்ணீர் மக்கைப் பிடித்திருந்தாள். ஓரிடத்தில் நுரை மொட்டுவிட்டது, பெருத்தது, உடைந்தது, மறுபடி மொட்டுவிட்டது. துடைத்துப் பார்த்தால், தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. சூட்டுக் காற்றை அடைக்கும் மூடியும் துருப்பிடித்துப் பாதி திறந்தே நின்றது. எஞ்சின் புகை அந்த வழியாகத்தான் இவர்கள் மூச்சுக்குப் போயிருக்கிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது; சிலரை மற்றவர்களைவிட வேகமாகத் தாக்கும். அந்த விஷம் பட்டால் நிறம் மாறி எச்சரிக்க விமானிக்கு முன்னால் ஒட்டியிருந்த அட்டையோ வெயிலில் வெளுத்து, பழைய நிறம் என்னவென்றே தெரியாமல் இருந்தது.

கேப்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கும் தலை வலிக்கும். வெயில்னு நினைச்சு மாத்திரை போட்டுக்குவேன்" என்றார். அவருக்கு வலித்தால் வெயில், அவளுக்கு வலித்தால் பயம்! எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டதால் அடக்கிக்கொண்டேன்.

அவள் மக்கைக் கீழே வைக்கவே இல்லை. "அப்ப அது பயம் இல்லையாக்கா?"

"இல்ல. புகை."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னொரு தரம் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லி, நுரை வருவதை உட்கார்ந்து பார்த்தாள்.

இந்தக் கலாட்டாவில் அவள் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். திங்கட்கிழமை அவர் வந்து நின்றார், மகளின் துணிமணிகளை எடுத்துப்போக ஒரு பெரிய வெறும் பையோடு. கேப்டன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு முழுதாகப் புரியவில்லை. மகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, கழற்றி வைத்திருந்த சைலன்சரைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். அதன் வாயில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டார். விரல் தானாக நெற்றியை நோக்கிப் போனது.

அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, இது விபூதி இல்ல. இதக் கக்குற எஞ்சின்தான் என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாத்துச்சு."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்ப நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றார்.