தம்பி பாத்ரூம் போல்ட்டு

விழுப்புரத்தில் எங்கள் அம்மா வீட்டில் இரண்டு கக்கூஸ் உண்டு. ஒன்று கொல்லையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது, குந்தி உட்காருவது. இன்னொன்று வீட்டுக்குள் ஹாலை ஒட்டி, சுவரெல்லாம் டைல்ஸ் பதித்து, வெஸ்டர்ன் கோப்பை வைத்தது. அதற்கு எங்கள் வீட்டில் தம்பி பாத்ரூம் என்று பெயர். குவைத்துக்கு வேலைக்குப் போன என் தம்பி லீவில் வரும்போது சிரமப்படக் கூடாது என்று அப்பா இருக்கும்போதே கட்டியது. "அங்க அதுலயே பழகிக்கினு இருப்பான், இங்க வந்து குந்துன்னா பாவம் புள்ள" என்றார். கட்டின பிறகு தம்பி வந்தது இரண்டே முறை. அதில் ஒன்று அப்பா சாவுக்கு.

மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடந்தது. சர்ச்சிலிருந்து ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தால் அம்மா திறப்பாள். திண்டிவனத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் வந்தால் திறக்க மாட்டாள். மகளுக்கு எதற்கு விருந்தாளி மரியாதை? நானும் கொல்லைக்குத்தான் போவேன், அம்மாவும் கொல்லைக்குத்தான் போவாள். வீட்டுக்குள்ளே ஒரு கக்கூஸ் சும்மா கிடக்க, வயசான பொம்பளை மழையில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "நமக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்" என்று ஒரே பதில்.

இந்த மழைக்கு அது நடந்தது. கொல்லைக் கக்கூஸ் வாசலில் பாசியில் வழுக்கி விழுந்து அம்மா இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இனிமேல் ஆயுசுக்கும் குந்தக் கூடாது. இன்னொரு முறை விழவே கூடாது, விழுந்தால் படுக்கைதான்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் காலை, ஆஸ்பத்திரியில் என் பெரிய பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். தம்பி பாத்ரூமைத் திறந்தேன். கோப்பை மூடியில் கடையில் வாங்கினபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சோப்பு அட்டைப் பெட்டியோடு இருந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தது. நாளைக்கு அம்மாவை இங்கே உட்கார வைக்க வேண்டும், எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று நான் உட்கார்ந்தேன். கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் எழுந்ததும் திரும்பி வந்து டொக்கென்று உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தேன். கோப்பையின் அடியில் இரண்டு பக்கமும் தரையோடு பிடித்து வைக்கிற போல்ட்டுகள் இருக்கும். இரண்டும் துருப்பிடித்து, கருங்காலி நிறத்தில் உப்பிக்கொண்டு இருந்தன. எது நட்டு, எது போல்ட்டு என்றே தெரியவில்லை. முன்பே எப்போதோ ஆடியிருக்க வேண்டும். யாரோ சுற்றிலும் வெள்ளை சிமெண்டைப் பூசி மறைத்திருந்தார்கள். நகத்தால் கிள்ளினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவளை இந்த ஊஞ்சலில் உட்கார வைக்க முடியுமா?

பிளம்பருக்குப் போன் போட்டேன். மதியத்துக்குள் வந்தார், அதுவே பெரிய விஷயம். வாசலில் நின்று என் தலைக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாக்கா?"

"ஆடறது கோப்பைங்க. அதுக்கு ஆம்பள எதுக்கு?"

உள்ளே வந்து, ஸ்பேனரைப் போட்டு இரண்டு திருகு திருகினார். நட்டு அசையவில்லை, முனைதான் மழுங்கியது. உடனே எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணியும் பண்ண முடியாதுக்கா. கோப்பைய ஒடச்சி எடுத்துட்டு புதுசா வெச்சிடலாம். தரையும் கொத்தணும். பைப்பு எப்படி எறக்கிகீறாங்கன்னு தெரியல. ஒரு வாரம் வுடுங்க."

"நாளைக்கு அம்மா வர்றாங்க. ஒரு வாரம் அவங்க எங்க போவாங்க?"

"டயாபர் போட்டு வுடுங்கக்கா. இப்பல்லாம் அதான போட்றாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் அம்மாவுக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைக்க வந்த நர்ஸம்மாவிடமே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதவள். இரண்டு துருப்பிடித்த போல்ட்டுக்காக அவளைக் கைக்குழந்தை ஆக்கச் சொல்கிறார் இவர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து, சுத்தியலை எடுத்துக் கோப்பையின் காலில் ஒரு தட்டுத் தட்டினார். கிணீரென்று சத்தம் வந்தது.

"கைய எடுங்க" என்று கத்தினேன். "ஜல்தியா கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

"கோப்பை வெச்சதே கோணக்கா. நான் இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அவரை விரட்டிவிட்டேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மண்டியிட்டுக் கோப்பையைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பிறகு நிதானம் வந்தது. எனக்கு திண்டிவனத்தில் ஜாக்கெட் தைக்கிற கடை. தையல் மெஷினில் இறுகிப்போன திருகாணியை நான் கழற்றாத வருஷமில்லை. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினால் அவர் வருவதற்குள் தீபாவளி போய்விடும் என்பதால் நானே கற்றுக்கொண்டது. இதுவும் திருகாணிதானே, கொஞ்சம் கொழுத்த திருகாணி.

ஹார்டுவேர் கடைக்குப் போய் துரு இளக்குகிற ஸ்ப்ரே, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு, கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்டீல் போல்ட்டு, அது தரையில் இறங்குவதற்கு பிளாஸ்டிக் உறை எல்லாம் கேட்டேன். கடைக்காரர், "பிளம்பர வரச் சொல்லும்மா, அவருக்குத்தான் சைஸு தெரியும்" என்றார். பழைய நட்டின் அளவை வெள்ளை நூலில் எடுத்து வந்திருந்தேன். அதை மேஜை மேல் போட்டேன். நூலை வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பழைய சாக்கை விரித்து, பாத்ரூம் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். முதலில் ஸ்க்ரூ டிரைவரால் வெள்ளை சிமெண்டைச் சுரண்டி எடுத்தேன். இரண்டு நட்டிலும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, எழுந்து போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். அவசரப்பட்டால் போல்ட்டு ஒடியாது, பீங்கான்தான் ஒடியும். திரும்பி வந்து மெதுவாகத் தட்டினேன், மறுபடி ஸ்ப்ரே அடித்தேன். ஹால் பக்கத்து நட்டை பிளம்பர் மழுக்கிவிட்டுப் போயிருந்ததால் பிளேயருக்கும் பிடி கிடைக்கவில்லை. பிளேடில் துணியைச் சுற்றி, நட்டுக்கும் கோப்பைக்கும் நடுவில் விட்டு அறுக்க ஆரம்பித்தேன். கை நீட்ட இடமில்லை. விரல் நீளத்துக்குத்தான் பிளேடு முன்னும் பின்னும் போகும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்னவன் பாத்ரூம் மூலையில் படுத்துப் பார்த்திருக்க மாட்டான். அறுக்கும் நேரமெல்லாம் வாய்விட்டுத் திட்டினேன். குவைத்தில் இருக்கிற தம்பியைத் திட்டினேன். ராஜா மகனுக்குப் பாத்ரூம், பெற்றவளுக்குப் பாசி. ஒரு நாளாவது, அம்மா நீ எங்கே போகிறாய் என்று கேட்டானா?

நட்டு துண்டாகி விழுந்தது. மிச்சக் கம்பியை பிளேயரால் பிடித்துத் திருகி இழுத்தேன். கையில் வந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனேன். தரைக்கு மேலே இருந்த கழுத்துப் பகுதி ஊசி மாதிரி மெலிந்திருந்தது. தண்ணீர் பட்ட துரு இப்படித் தின்னாது. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். நீல நிற ஆசிட் கேன், பாதி காலி.

எங்கள் தெருவில் மூன்று சக்கர வண்டியில் ஆசிட், பினாயில் என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. எதில் பட்டாலும் வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளை தெரியக் கூடாது என்று, யாருமே போகாத கக்கூஸுக்கு அம்மா சனிக்கிழமை தவறாமல் ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். அவன் எப்போது வந்தாலும் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். கோப்பை பளிச்சென்றுதான் இருந்தது. அடியில் போல்ட்டை ஆசிட் தின்றுவிட்டது. வராத மகனுக்காகக் கழுவிக் கழுவி, தனக்கு வேண்டிய நாளில் உட்கார முடியாமல் செய்துகொண்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

சுவர்ப் பக்கத்து போல்ட்டுக்கு பிளேடு நுழையவே இடமில்லை. மெஷின் திருகாணிக்குச் செய்வதைத்தான் செய்தேன். கழற்றுகிற பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி திருப்பினேன். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. தோள் மரத்துப்போன பிறகு, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அது சுற்றியது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை, நான் போட்ட கூச்சலைக் கேட்க.

பழைய ஓட்டையைச் சுத்தம் செய்து, புது உறையை இறக்கி, ஸ்டீல் போல்ட்டைச் சமமாக, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினேன். உட்கார்ந்தேன், சாய்ந்தேன், ஒரு பக்கமாகவே கனத்தைப் போட்டேன். மலை மாதிரி நின்றது. ஆசிட் கேனைக் கொண்டுபோய்க் கொல்லைக் கக்கூஸில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தோம். மதியத்துக்கு மேல் வாக்கரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், நேராகக் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? இங்க வா" என்றேன்.

"அது தம்பிதுடி."

"உள்ள போறியா, இல்ல நான் தூக்கிக்கினு போவட்டுமா?"

போனாள். நான் வெளியே நின்றுகொண்டேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "சேசுவே" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கைவலி பாதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தம்பிக்கு லீவு, சாயங்காலம் வீடியோவில் வருவான். வந்தான். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, நலம் விசாரித்து முடித்ததும், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒன் பாத்ரூமுக்கு இன்னிக்கு நான் போய்ட்டேன் சாமி. டாக்டரு குந்தக் கூடாதுன்ட்டாரு. தப்பா நெனச்சிக்காத. சுத்தமா வெச்சிக்கிறேன்."

தன் வீட்டில், தான் கக்கூஸுக்குப் போனதற்கு, பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். போனைப் பிடுங்க எழுந்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"எம் பாத்ரூமா? எதும்மா?"

"ஹால்ல கீதே, அதான்."

"அது எப்பம்மா என்துன்னு ஆச்சு? அது வீட்டு பாத்ரூம்தான? நீங்கல்லாம் அதுலதான் போய்க்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப நீ எங்கம்மா போய்க்கினு இருந்த?"

"அத வுடு சாமி. நீ சாப்டியா?"

நேற்றெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்திருந்தேன். அவனுக்குத் தெரியவே தெரியாது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, வாசப்படியில் வழுக்கிவிட்டேன் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தாள். எங்களையும் அப்படியே சொல்ல வைத்திருந்தாள். ஆனாலும் என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி இன்றைக்குத்தானா அவன் வாயில் வர வேண்டும்? நான் போனை வாங்கினேன்.

"கொல்லைலதான்டா போய்க்கினு இருந்துச்சு. மழைல, பாசில. வாசப்படில வுழல, அங்கதான் வுழுந்துச்சு."

அம்மா எட்டி என் கையிலிருந்த போனை வாங்கிக் கட் செய்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ண? தனியா கெடக்கான். ராத்திரிக்கு சோறு எறங்காது அவனுக்கு. மனசு கஷ்டப்படும்."

"படட்டும்மா" என்றேன். "கொஞ்சம் படட்டும்."