ஓடாத படகில் ஒரு வெள்ள மீட்புப் பயிற்சி

கடற்படையில் பதினான்கு வருடம் அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது கம்பைநல்லூரில் விவசாயம் பார்க்கிறேன். காவிரியில் வெள்ளம் வந்தால் உதவுவதற்காக, ஓய்வுபெற்ற, ரிசர்வ் கடற்படையினருக்கு ஒகேனக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி என்று போன ஆடியில் கடிதம் வந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன். உங்களுக்கும் இப்படி அழைப்பு வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குப் பஸ். தருமபுரியில் இட்லி சாப்பிட்டு, ஏழு பத்துக்கு ஒகேனக்கல் வண்டி பிடித்தேன். நாற்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். பென்னாகரம் தாண்டியதும் வளைவுகள் அதிகம். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். எட்டே முக்காலுக்கு இறங்கினேன்.

பதினாறு பேர் வந்திருந்தோம். மண்டபத்தில் ஒரு மணி வரை ஸ்லைடு போட்டார்கள். எல்லாம் புயல், அலை, கப்பல். வாழ்க்கையைக் கடலில் கழித்தவர்களுக்குக் கடல் பாடம். ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதியம் கரைக்குக் கூட்டிப்போனார்கள். மீட்புப் படகுக்கு மாலை போட்டிருந்தது. முப்பது வருடம் கப்பல் எஞ்சின் பார்த்த ராஜமாணிக்கம் மோட்டாரின் மூடியைத் திறந்தார்.

“ஸ்பார்க் பிளக்கே இல்லைங்களே?”

பயிற்சி நடத்திய தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். “இன்னிக்கு போட்டோ மட்டும்தாங்க சார்.”

அப்போதுதான் குளிக்கும் இடத்திலிருந்து கத்தல் கேட்டது. ஒருவரை ஆறு இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. படகைப் பிடித்தபடி பதினாறு பேரும் நின்றோம். சவாரிக்குக் காத்திருந்த மாது என்ற பரிசல்காரர் அதற்குள் பரிசலைத் தள்ளிவிட்டார். ஆளைத் துரத்தவில்லை, கீழே ஒரு பாறை மறைவில் காத்திருந்து, வந்ததும் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். கரையில் மூச்சில்லை. நானும் ராஜமாணிக்கமும் மாறி மாறி நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதினோம். நான்காவது சுற்றில் இருமினார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கண் திறந்திருந்தார்.

மாலையில் பயிற்சிக்கான வாட்ஸ்அப் குழுவில் எங்கள் போட்டோ. ‘நமது வீரர்கள் மீட்புப் படகில் விரைந்து உயிர் காத்தனர்.’ “படகு ஓடவில்லை. காப்பாற்றியவர் பரிசல்காரர் மாது” என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில் அதை அழித்துவிட்டு, ஒருங்கிணைப்பாளர் போனில் வந்தார்.

“நல்ல விஷயம்தானே மேடம், எதுக்கு நெகட்டிவா எடுத்துக்கறீங்க?”

“நாளைக்கு வெள்ளம் வந்தா இந்தப் படகை நம்பித்தான் ஜனத்தை வெளியேத்தாம விட்டுவைப்பாங்க. அது தெரியலயா உங்களுக்கு?”

வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது பேர் மண்டபத்துக்குப் போகாமல் மாதுவிடம் போனோம். அவர் எங்களைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

“கடல்ல குதிப்பீங்க. இங்க குதிச்சா பாறைல கால் மாட்டிக்குமுங்க. மல்லாந்து, காலை முன்னால நீட்டிப் போங்க.”

கடல் நீச்சல் பழகிய நான் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். ராஜமாணிக்கம் மூன்று முறை.

அழைப்பு வந்தால் அவசியம் போங்கள், ஆள் தேவைதான். ஆனால் முதல் வேலையாக மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பரிசல்காரரைப் பார்க்காமல் ஆற்றில் இறங்காதீர்கள். நீட்டுகிற தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு வந்த சான்றிதழில் ‘காவிரியில் மீட்புப் படகு ஓட்டத் தகுதி பெற்றவர்’ என்று இருந்தது. அதன் குறுக்கே ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.