நான்காவது சீட்

அலுவலகத்தில் அவருக்கு லிப்ட்காரர் என்றுதான் பெயர். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு பைக்கை எடுத்தாரென்றால் நாளெல்லாம் ஓட்டம்தான், எண்பது தொண்ணூறு கிலோமீட்டர். ஐம்பத்தாறு வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்.

மூன்று வருஷமாக இடுப்புக்குக் கீழே ஒரு வலி. முதலில் சாயங்காலம் மட்டும் வந்தது, பிறகு மதியமே வந்தது, இப்போதெல்லாம் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் ஒரு மொட்டை மாடி மோட்டார் அறைக்கு இரும்பு ஏணியில் ஏறியவர் பாதியில் நின்றுவிட்டார். கால் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேனேஜர் நல்ல மனுஷர், நல்லவிதமாகவே சொன்னார்: "அடுத்த மாசத்துலேர்ந்து ஆபீஸ்ல போன் எடுங்க. வெயில்ல அலைய வேண்டாம்."

வீடு, அதை விட்டால் பைக், இவ்வளவுதான் லிப்ட்காரருக்கு உலகம். வீட்டில் எட்டு மணி நேரத்தைக் கழிப்பதே பெரும்பாடு. பைக்கில் போகும்போது மட்டும்தான் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு வராது. ஏன் என்று அவர் யோசித்ததில்லை.

சீட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினார். முதலில் ஜெல் வைத்த சீட். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொக்கிப் போனார். அமுக்கும்போது மெத்தையாக இருந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும் பள்ளமாகிவிட்டது. அடுத்தது அகலமான சீட். அதில் ஏறினால் கால் தரையில் எட்டவில்லை, சிக்னலுக்குச் சிக்னல் கட்டைவிரல் நுனியில் நின்று தள்ளாடினார். மூன்றாவதாக நூலும் இல்லாமல் தையலும் இல்லாமல் அச்சில் வார்த்தது என்று ஒன்றை விற்றார்கள். நான்கு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. கூட வேலை செய்கிறவர்கள், "உக்கார்றதுக்கே இவ்ளோ பாடா? பேசாம நின்னுக்கிட்டே ஓட்டுங்க" என்று கிண்டலடித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கடைசியில், ஆளுக்குத் தகுந்த மாதிரி பைக் சீட்டை வெட்டித் தைத்துக் கொடுக்கிற சீட்டுக்காரம்மாவின் பட்டறைக்கு வழி சொன்னார்.

ஒரு கார் நிற்கிற அளவுதான் பட்டறை. சுவரெல்லாம் தோல் உரித்த சீட்டுகள், தரையெல்லாம் ஃபோம் துணுக்குகள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். காலரில் நாலைந்து ஊசி குத்தியிருந்தார். லிப்ட்காரர் தான் மாற்றிப் பார்த்த மூன்று சீட்டுகளின் பிராண்டு, விலை, ஃபோம் வகை என்று ஆரம்பித்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் சார். முதல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

சீட்டுக்காரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் வாயால் சொல்வதை அவர் நம்புவதில்லை. சீட்டு முழுக்க சாக்பீஸ் பொடியைத் தூவி, ஆளை நாலு தெரு சுற்றிவர அனுப்புவார். எங்கே பொடி அழிந்திருக்கிறதோ, அதுதான் அந்த ஆள் உட்கார்கிற இடம். அதைப் பார்த்த பிறகுதான் ஃபோமில் கத்தி படும்.

லிப்ட்காரர் சுற்றிவந்து இறங்கினார். சீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். டேங்கை ஒட்டி, சீட் குறுகுகிற இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குத்தான் பொடி அழிந்திருந்தது. பின்னால் அவ்வளவும் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நுனியில உக்காந்திருக்கீங்க? இப்படி உக்காந்தா எந்த இடுப்பு தாங்கும்? மூணு சீட் மேலயும் ஒரு தப்பும் இல்ல. பின்னாடி யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

"அப்போ யாருக்கு இடம் விட்டிருக்கீங்க?"

லிப்ட்காரர் சீட்டின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, அவள் போன் ஆபரேட்டராக இருந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவளுக்கு இரண்டு பை, ஒரு குடை, போதாததற்கு வாய் ஓயாத பேச்சு. "சீட்டுல முக்கால்வாசி என்னோடது, மிச்சம் உங்களுக்கு" என்பாள். வாசலில் அவள் இறங்கியதும் இவர் வசதியாகப் பின்னுக்கு நகர்ந்துகொள்வார். அவள் இறங்கினால்தான் இவர் நகர்வார், அப்படியே பழகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் நகரவே இல்லை. யாரும் இறங்கவே இல்லையே.

இதையெல்லாம் அவர் சீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. "வொய்ஃப் வருவாங்க. இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா ஈரத்துணியை எடுத்துப் பொடியைத் துடைக்கப் போனவர், துடைக்காமல் துணியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேர் சீட்டா வெச்சா நீங்க திரும்பவும் முன்னாடிதான் போவீங்க சார். பழக்கம் விடாது. உங்க முதுகுக்கு முட்டுக் குடுத்து நடுவுல உக்கார வெக்கணும்னா, இங்கேர்ந்து ஒரு மேடு எழுப்பணும். எழுப்பினா பின்னாடி ஆள் உக்கார முடியாது. ஒத்த ஆளா, ரெண்டு ஆளா? நீங்க சொன்னாத்தான் நான் வெட்டுவேன்."

மேடு வரப்போகிற இடத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்த வெள்ளையில் அவள் உட்கார்ந்த இடம் அத்தனையும் கோட்டுக்குள் வந்துவிட்டது. லிப்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மூன்று வருஷத்தில் துக்கம் விசாரித்தவர்களிடம்கூட அவர் தலையை ஆட்டியிருக்கிறாரே தவிர, வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏணியில் நடுவில் நின்ற அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. போன் எடுக்கிற மேஜை நினைவுக்கு வந்தது.

"ஒத்த ஆளுதான்மா."

சொல்லிவிட்டார். சீட்டுக்காரம்மா தலையாட்டிவிட்டு அளவெடுத்தார், ஒரு துண்டுத்தாளில் எழுதினார். பிறகு மேல்தோல் மாதிரிகள் கோத்த வளையத்தை எடுத்து நீட்டினார். கறுப்பு, காப்பிப்பொடி நிறம், சாம்பல், கருஞ்சிவப்பு.

"கலர் என்ன போடட்டும்?"

லிப்ட்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கருஞ்சிவப்பில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வளையத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, எப்போதும் எந்தக் கடையிலும் சொல்வதுபோலவே சொன்னார்:

"வீட்ல கேட்டுச் சொல்றேன்மா."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் வளையத்தை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"கேட்டுட்டு வாங்க சார்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."