முறை வைத்துக்கொண்ட பெயர்

சுண்ணாம்புக்குளம் கோயில் மதிலில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ‘முகத்துவாரம் இன்னிசைக் குழு, பழவேற்காடு’ என்று சிவப்பு எழுத்து. எங்கள் குழுவின் பெயர். மாமாவின் படம் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் பழைய டிரம்மர் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஏரித் தொழிலை விட்டுப் பாட்டுக்கு வந்தவர். திருவிழா, கல்யாணம் என்று அந்தப் பெயரை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. நான் கீபோர்டு வாசித்தேன். டிரம்மர் மாமாவோடு சண்டை போட்டுப் பிரிந்துபோய், வேறொரு பாடகரை வைத்துக்கொண்டு, அதே பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். அந்தப் பாடகருக்குக் குரல் இருந்தது, சுதி நிற்காது. திட்டு மட்டும் மாமாவைத் தேடி வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “இன்னா மாஸ்டர், எங்க ஊர்ல வந்து உன் ஆளு இன்னா கத்து கத்துனான்! ஆடெல்லாம் கயித்த அறுத்துக்கினு ஓடிச்சு.” மாமா அந்த ஊருக்குப் போகவே இல்லை. அந்த ஆடியில் எங்களைக் கூப்பிட்டவர்கள் குறைந்துபோனார்கள்.

டச்சுக் கல்லறைக்கு எதிரே, வலை காயும் மணலில் பஞ்சாயத்து கூடியது. “பேரு நான் வெச்சது” என்றார் மாமா. “வெச்சது நீ. அது நாலு ஊருக்குக் கேக்கற மாரி அடிச்சது யாரு நைனா?” என்றார் டிரம்மர். கூட்டம் சிரித்தது, மாமா சிரிக்கவில்லை.

ஏரியில் நல்ல மீன் படும் இடங்களுக்கு எங்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று வலை போடுவார்கள். முறை இல்லாதவர், கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலையைத் தொடமாட்டார். பெரியவர்கள் பெயருக்கும் அதையே வைத்தார்கள்: ஒரு மாதம் ஒருவருக்கு, மறு மாதம் மற்றவருக்கு. முதல் சீட்டு டிரம்மருக்கு விழுந்தது.

மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். “சரி” என்றார். மறுநாள் காலை ஆர்மோனியத்தோடு டிரம்மர் வீட்டு வாசலில் நின்றார். “கூப்புடு உன் பாட்டுக்காரன, சுதி சொல்லிக் குடுக்கறேன். இந்த மாசம் அவன் கத்துனா, அடுத்த மாசம் நான்தான வாங்கிக் கட்டிக்கணும்?”

இப்போது நான் பத்திரிகையில் இருக்கிறேன். ஒரே பெயருக்காக இரண்டு குழுக்கள் கோர்ட்டுக்குப் போன செய்தி மேசைக்கு வந்தால், காட்டூர்க்காரர் ஒருவர் மாமாவைத் தேடிவந்த காலைதான் நினைவுக்கு வரும். மகள் கல்யாணம்; தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார். அது டிரம்மரின் மாதம். “அசல் நீதான்னு ஊரே சொல்லுது. நீயே வந்துடு மாஸ்டர்” என்று கெஞ்சினார்.

மாமா தட்டைத் தொடவில்லை. டிரம்மர் வீட்டுப் பக்கம் கை காட்டினார்.

“இந்த மாசம் அது நான் இல்லப்பா, அவன்தான். தைரியமா போ. இப்ப நல்லாவே பாடறாங்க.”