கண்டம் கழிந்த பிள்ளை

பொற்கொடியின் தம்பி ஆத்மநாதனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று, அவன் தொட்டிலில் கிடந்தபோதே ஜோசியர் சொல்லிவிட்டார். பதினெட்டு வயது தாண்டிவிட்டால் பயமில்லையாம். ஆவுடையார்கோவில் பக்கம் அவர்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் நாலு வயல் தள்ளிப் பெரிய கண்மாய் கிடந்தது. அந்தப் பிள்ளையோ பிளாஸ்டிக் வாளியில் குளித்தே வளர்ந்தான். அக்கா போனால் தம்பியும் பின்னாலேயே போவான் என்று பொற்கொடியையும் கண்மாய்க்கரை ஏற விடவில்லை அவர்கள் அம்மா மீனம்மாள். ஊர்ப் பிள்ளைகள் மடைக்கல்லிலிருந்து குதித்துக் கும்மாளம் போடுகிற சத்தத்தை, இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆத்மநாதன் ஒரு நாய் வளர்த்தான். கரியன் என்று பேர். ஓடியே தீர வேண்டிய வேட்டை நாய்க் குட்டி. தனக்குக் கிடைத்த வளர்ப்பையே அவன் அதற்கும் கொடுத்தான். லாரியில் அடிபட்டுவிடும் என்று சங்கிலி போட்டான். வேளாவேளைக்கு ரஸ்க்கும் தயிர்சோறும் ஊட்டினான். அது தின்று தின்று உருண்டு போய், சுவரில் பல்லி நகர்ந்தாலும் நடுங்கிக் குரைத்தது. பாசம் என்று பேர் வைத்துவிட்டால் எந்தக் கொடுமைதான் நல்லதாகத் தெரியாது?

பதினெட்டு முடிந்த பிறந்தநாளன்று மீனம்மாள் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "இனிமே எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல" என்று வாயாரச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவன், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த அக்காவையும் நாயையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனான். சட்டையைக் கழற்றி நீட்டி, "அக்கா, சட்டையப் புடி. அதான் கண்டம் கழிஞ்சுருச்சுல்ல" என்று சிரித்தான். இடுப்பளவு வரை நடந்துதான் போனான். அங்கே ஜேசிபி மண் அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது. ஊரில் பள்ளிக்கூடம் போகாத பொடிசுக்குக்கூட அந்தப் பள்ளம் தெரியும். தண்ணீரையே தொடாதவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நீந்தத் தெரியாத பொற்கொடி சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று கத்தினாள். கரியன் பாய்ந்து போய், கால் எட்டாத இடம் வந்ததும் பயந்து திரும்பிவிட்டது. ஆட்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு அந்த நாயைக் கட்டிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. பொழுது சாய்ந்தால் அது கரைக்குப் போய், பள்ளத்தைப் பார்த்து ஊளையிடும். வைத்த சோறு பாதி நாள் வைத்தபடி கிடக்கும். நாய் கண்ணுக்கு அவன் தெரிகிறான் என்று ஊர் சொன்னது. பெண்கள் இருட்டுகிற நேரத்தில் கண்மாய்ப் படித்துறைக்குப் போவதை விட்டார்கள். பொற்கொடி மட்டும் போய், நாய் பார்த்த இடத்தையே பார்ப்பாள். காற்றே இல்லாத ஒருநாள் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் அலைந்தது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். அவள் வேலை பார்க்கும் உரக்கடையில் யாராவது பின்னாலிருந்து "அக்கா" என்றால் அவளுக்கு உடம்பு சில்லிட்டுவிடும்.

போன வருடம், கணவர் சிங்கப்பூர் போனதும், மகள் தேவிப்ரியாவோடு அம்மா வீட்டுக்கே வந்து தங்கினாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எதற்கெடுத்தாலும் அழும். ஒருநாள் மீனம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஜோசியரக் கேட்டுட்டேன். இவளுக்கும் தண்ணியிலதான் கண்டம்."

பொற்கொடி மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "எத்தன வயசு வரைக்கும்மா? அதுவரைக்கும் வாளியில குளிப்பாட்டி, அப்பறம் அனுப்பி வைப்பமா?"

"எம்பொணத்தத் தாண்டித்தான் அவ கண்மாயில எறங்கணும்."

தனக்கே நீந்தத் தெரியாதவள் என்ன வீம்பு பேசுவது? வளர்ப்பை மாற்றுவதென்றால் அதிலிருந்தே தொடங்குவோம் என்று முதலில் நாயைப் பிடித்தாள், சோறு இறங்காமல் அதுவும் செத்துக்கொண்டிருந்தது. விடியுமுன் எழுப்பிக் கரையோரம் ஓட வைத்தாள். சோற்றை வைத்து "இரு" என்பாள். "ம்" என்கிறவரை தொடக் கூடாது. முதலில் கடிக்க வந்தது. இவளும் விடவில்லை. கொஞ்ச நாளில் பசியெடுத்துத் தின்ன ஆரம்பித்தது, எறிந்த செருப்பைத் தேடி எடுத்து வந்து வாலை ஆட்டியது. வேடிக்கை பார்க்கக் கூடவே வந்த தேவிப்ரியாவும் ஓடத் தொடங்கினாள். விழுந்தால் தானே எழுந்து முட்டியைத் துடைத்துக்கொண்டாள்.

அதே விடியலில் பக்கத்து வீட்டு மருதாயி, முதுகில் காலி கேனைக் கட்டிப் பொற்கொடியைத் தண்ணீரில் இறக்கினாள். "கழுத கணக்கா வளந்துட்டு, கைய வீசத் தெரியல பாரு. ஒதைடி" என்று அதட்டுவாள். பயத்தில் பொற்கொடிக்குப் பல் கிட்டும். ஆனாலும் மறுநாள் போவாள். கேன் கழன்ற பிறகும் பள்ளத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் காலை மருதாயி செருப்பை வேண்டுமென்றே அங்கிட்டு வீசினாள். கரியன் கரையில் நின்று முனகியது. பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள். காலுக்குக் கீழே தண்ணீர் சில்லென்று மாறியது. யாரோ காலைத் தொட்டதுபோல் இருந்தது. கத்தக்கூட வாய் வரவில்லை. கையை வீசினாள், வீசினாள், கால் தரை தட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தால், கரியன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நீந்தி வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஊளை கேட்கவில்லை. மீனம்மாள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

"நாயி இன்னும் போகலயா?"

"தூங்குதும்மா."

மீனம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அதுதாண்டி தெனமும் அவனக் கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சு. இனிமே எம்புள்ளைய யாரு கூப்புடுவா?"

பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு அந்தப் பள்ளத்து மேல நீந்திப் போனேம்மா. பத்து வீச்சுகூட இல்ல. அம்புட்டுச் சின்னப் பள்ளம். கத்துக் குடுத்திருந்தா அவன் கரையேறி வந்துருப்பாம்மா."

மீனம்மாள் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பார்த்தால், இத்தனை வருடம் கண்மாய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் அவர்களுக்கு முன்னால் கரையில் நின்றாள். பேத்தியின் முதுகில் மருதாயி கட்டிய கேன் முடிச்சை இழுத்துப் பார்த்து, அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினாள். கரியன் முதலில் இறங்கியது. தேவிப்ரியா தோளில் கிடந்ததை உருவி நீட்டினாள்.

"அம்மாச்சி, துண்டப் புடி."

அன்று சட்டையை வாங்கிய பொற்கொடியின் கை தானாக நீண்டது. மீனம்மாளின் முகம் வெளுத்தது. ஆனாலும் இரண்டு கையாலும் துண்டை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"புடிச்சிருக்கேன் ஆத்தா. போயிட்டு வா."