ஃப்ளோரா அக்காவின் கணினியில் யார் யார் இருக்கலாம்

புதுக் கணினிகளுக்குள்ளே ஒருவன் உட்கார்ந்துகொண்டு, நாம் பார்ப்பதையெல்லாம் நொடிக்கொரு படமாகப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறானாம். அதனால் அடையாறில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணமே நின்றுபோய்விட்டதாம். என் அக்காவின் கணவர் மரியதாஸ் மாமா இந்தச் செய்தியைப் பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். மீன் கடையில் பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாவிடம் அவருடைய நாத்தனார் சொன்னாராம். எந்தப் பெண், எந்தத் தெரு என்பது நாத்தனாருக்கும் தெரியாது.

"கம்ப்யூட்டருக்குள்ள ஆள் கீதாம் ஃப்ளோரா. உன்னுதுல கீறவன் பேரு இன்னா?" என்று பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுச் சிரித்தார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை.

என் அக்கா ஃப்ளோரா ஒரு கப்பல் ஏஜென்சியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. சாந்தோம், மந்தைவெளி, அடையாறு என்று சுற்றியுள்ள மாதாகோயில் பங்குகளில் பாதிக் குடும்பங்களுக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்த்துக் கொடுத்தவள். கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார வைத்துப் பிரியாணி போட்டால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டாள். விசாரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பையன் நல்லவன் என்று சாமியாரே சொன்னாலும் அவளுக்குப் போதாது. அவன் தெரு இஸ்திரி வண்டிக்குப் போய், கொண்டுபோன புடவையை நீட்டி, பேச்சுக் கொடுத்து, அவன் சட்டைக்குப் பொத்தான் உடைந்தால் என்ன வார்த்தை சொல்வான் என்பதுவரை கேட்டுக்கொண்டுதான் திரும்புவாள்.

யாருடைய போட்டோவையும் போனில் அனுப்ப மாட்டாள். அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ரகசியமாகச் சொன்னது மாமாவின் காதுக்குக்கூடப் போகாது. இந்த ஒரு பேரை நம்பித்தான் அவளிடம் வருகிறார்கள்.

அப்படி வந்தவள் கரோல். ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கோயம்புத்தூரில் இருந்தபோது அவளுக்கு நிச்சயம் ஆகி, பத்திரிகையும் அடித்த பிறகு அந்தப் பையன் விலகிவிட்டான். அதன்பின் குடும்பத்தோடு சென்னை வந்துவிட்டார்கள். இங்கே அது தெரிந்தது அக்காவுக்கு மட்டும். அடையாறில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் ஜாக்சனை அக்கா அவளுக்காகப் பார்த்து வைத்திருந்தாள். கரோலின் நிபந்தனை ஒன்றுதான்: "அதை நானே என் வாயால அவர்கிட்ட சொல்லணும் ஆன்ட்டி. வேற யாரோ முந்திக்கிட்டா, நான் மறைச்சேன்னு ஆயிடும்."

அக்கா போன மாதம்தான் புதுக் கணினி வாங்கி, எல்லார் விவரத்தையும் தன் ஸ்டெனோ வேகத்தில் அதில் அடித்து வைத்திருந்தாள். கரோலின் கோயம்புத்தூர்க் கதையும் அதில் இருந்தது.

மீன் குழம்பு கொதிப்பதற்குள் கரோலின் அம்மாவிடமிருந்து போன். அவர்களுக்கும் அந்தச் செய்தி போயிருந்தது.

"ஃப்ளோரா, எங்க பொண்ணு விஷயம் உன் கம்ப்யூட்டர்லயா இருக்கு? இருந்தா அழிச்சுடும்மா. ஜாக்சன் பேச்சும் இப்ப வேணாம்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு. கரோலை அனுப்பு, நான் பதில் சொல்றேன்" என்று வைத்தாள் அக்கா.

நான் பர்மிங்காமிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று விமான நிலையத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். கணினியின் பிளக்கையே பிடுங்கிவிடலாம் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணினியை விற்ற நூர் முஹம்மதுவை ராயப்பேட்டையிலிருந்து வரவழைத்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சியே செரியில்ல?"

"உள்ள ஒருத்தன் படம் புடிக்கிறானாமே நூரு?"

"ஆமா, அப்டி ஒண்ணு கீது. நீங்க சரின்னு சொன்னாத்தான் புடிப்பான். சொன்னீங்களா?"

"நான் எதுக்குடா சொல்றேன்?"

"அப்ப தூங்கினுகீறான். புடிச்சாலும் இந்தப் பொட்டிக்குள்ளதான் வெச்சுப்பான். வெளிநாட்டுக்கு அனுப்புறான்றதெல்லாம் கப்சாக்கா."

"தூங்கறவன் என் வீட்ல எதுக்குத் தூங்கணும்? யாராவது தெரியாம எழுப்பிட்டா?"

நூர் முஹம்மது வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ ஓர் அமைப்புக்குள் போய், ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்து, கணினியை அணைத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் அந்தப் படம் பிடிப்பவன் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டான்.

"இவனை மாதிரி இன்னும் எத்தனை பேர்?" என்றாள் அக்கா.

அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். அது கீழே ஓடிக்கொண்டே இருந்தது. "வாங்கும்போதே கூட வர்றதுக்கா. நெறைய பேரு சும்மாதான் கீறாங்க."

அவர் போனதும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு வேலை, ஒவ்வொன்றின் பெயரையும் அது கேட்கும் அனுமதிகளையும் தமிழில் சொல்வது. மாப்பிள்ளை விசாரணை ஆரம்பமானது.

"இவன் யாரு?"

"வானிலை சொல்றவன்."

"என்ன கேக்கறான்?"

"நாம எங்க இருக்கோம்னு தெரியணுமாம்."

"மழை வந்தா மொட்டை மாடித் துணியே சொல்லும். அனுப்பு."

குரல் கேட்டு உதவுபவன் மைக்கைக் கேட்டான், போனான். செய்தி சொல்பவன், நாம் எதைப் படிக்கிறோம் என்று கேட்டான், போனான். சீட்டாட்டம் வந்தபோது மாமா கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏய், அதை வுட்டுடு. அது பாவம், யாரையும் ஒண்ணும் கேக்கல."

"நடுவுல விளம்பரம் காட்டறான் இல்ல? அவனுக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்னு விசாரிச்சீங்களா?"

அதுவும் போனது. ஒன்று மட்டும் அசையவில்லை. நீக்கும் பொத்தான் மங்கிப்போய், அழுத்தினாலும் அமுங்காமல் கிடந்தது.

"வீட்டோட மாப்பிள்ளை" என்றார் மாமா.

"இருந்துட்டுப் போகட்டும். கேமரா, மைக் எதுலயும் கை வைக்கக் கூடாது" என்று அக்கா அதன் அனுமதிகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

அடுத்தது படங்களைக் காட்டுபவன். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றி வைக்கட்டுமா என்று கேட்கிறான் என்றேன். அக்கா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "என்னை நம்பி வந்த பொண்ணுங்க போட்டோவை ஏத்தறதா! முதல்ல இவனை வெளிய தள்ளு." தள்ளினோம். கூடவே படம் வரைபவனும் போனான்.

சனிக்கிழமை கரோல் வந்தாள். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். பட்டியலை ஓட்டிக் காட்டினாள். இப்போது அது ஒரே திரைக்குள் அடங்கியது. கரோல் அதை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பார்த்தாள். "சரி ஆன்ட்டி, ஜாக்சனைக் காட்டுங்க" என்றாள்.

அக்கா பெருமையாக இரண்டு தட்டு தட்டினாள். படம் திறக்கவில்லை. இந்தக் கோப்பை எதைக்கொண்டு திறக்க வேண்டும் என்று கணினி எங்களையே கேட்டது.

சமையலறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "மாப்பிள்ளையையும் சேத்து அனுப்பிட்டியா?"

கரோலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவின் முகம் மட்டும் சிவந்துபோயிற்று. பிரவுசரில் இழுத்துப் போட்டால் திறக்கும் என்று நான் எழுந்தேன். கரோல் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்க அங்கிள். ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. எப்படி இருப்பார்?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முன்னாடி முடி கொஞ்சம் ஏறிடுச்சு. காது ரெண்டும் வெளிய நிக்கும். ஜோக் சொல்ல ஆரம்பிச்சா தானே முதல்ல சிரிச்சுடுவான், கடைசி வரி நமக்குக் கேக்கவே கேக்காது. பூசை முடிஞ்சதும் அவங்கம்மா செருப்பைத் தேடி எடுத்து வைப்பான். யாராவது பாக்கறாங்களான்னு திரும்பிப் பாக்க மாட்டான். அதை நான் மூணு ஞாயித்துக்கிழமை பார்த்தேன்."

"என்னைப் பத்தி அவங்க வீட்ல என்ன சொல்லியிருக்கீங்க?"

"படிப்பு, வேலை, எந்தப் பங்கு. மத்தது உன்னுது."

கரோல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "போட்டோ வேணாம் ஆன்ட்டி. காது எப்படியிருந்தா என்ன? நான் சொல்றதைக் கேட்டதும் அந்த முகம் என்ன ஆகுதுன்னு பாக்கணும். நேராவே பாக்கறேன். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் மாலை அடையாறில் ஒரு காபிக் கடையில் இருவரும் சந்திக்க அக்கா ஏற்பாடு செய்தாள். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்து, முடிந்ததும் கரோல் கூப்பிடுவதாகப் பேச்சு. விளக்குப் போட்ட பிறகும் கூப்பிடவில்லை. அவன் எழுந்து போயிருப்பானோ, இவள் எங்காவது தனியாக உட்கார்ந்து அழுகிறாளோ என்று நான் வரிசையாக அடுக்க ஆரம்பித்தேன்.

"வாயை மூடுடா" என்றாள் அக்கா. பெண் வீட்டை அவளாக முந்திக்கொண்டு கூப்பிடுவது வழக்கமில்லை. இருந்தும் போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அடிச்சுத்தான் பாரேன்" என்றார் மாமா.

அக்கா கரோலின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். மாமா மீன் பொரித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தார், எண்ணெய்ச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் போய்விடக் கூடாதென்று. மூன்று பேரும் குனிந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.